சடுகுடுப் பாட்டு வேகமானால்

மோகனூரில் கரிவாயுவில் ஓடும் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது, கிளம்புவதாகத் தெரியவில்லை. முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஒருவனுக்கு முழங்காலெல்லாம் சிராய்ப்பு.

“நேத்து ஆட்டத்துல என்னயக் காட்டிக் குடுத்தது எம் பாட்டுதானுங்க மச்சான்” என்றான் அவன்.

“பாட்டா?”

“பயந்துட்டா ‘சடுகுடு சடுகுடு’ன்னு வேகமாப் பாடறேன். திரும்பி ஓடப் போறேன்னு அவிங்களுக்குத் தெரிஞ்சு போவுது. பாஞ்சு காலைக் கட்டிப் புடிச்சுக்கறாங்க.”

“அப்ப இன்னைக்கு நாமக்கல்லுல என்ன பண்ணுவ மாப்ளே?”

“நடுக்கோட்டைத் தாண்டுனதுமே வேகமாப் பாடுவேன். ஓடறேன்னு நெனச்சு முன்னால பாஞ்சு வருவாங்க. வர்றவனைத் தொட்டுப்போட்டு வந்துருவேன்.”

“நெசமாவே பயம் வந்துட்டா?”

“வரட்டுமுங்க. பாட்டு தானா வேகமாயிரும். எனக்கு வேலை மிச்சம்.”