கொழு சிவக்கும்வரை

இப்போதெல்லாம் வெண்ணெய் கடைகிற வீட்டுக்குள் வருகிறவர்கள் மத்தை வாங்கி ஒரு கை கடைந்து கொடுப்பதில்லை. கடவுள் பேரைச் சொல்லி இரண்டு வார்த்தை வாழ்த்துவதும் இல்லை. அடுப்பில் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு, அந்த நெருப்போடு வீட்டு வெண்ணெயையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்கள். யாரை நம்புவது? இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட்.

மே முதல் தேதி விடியலில் எங்கள் கிணற்றில் சபைனா தண்ணீர் மொண்டதைப் பார்த்தேன். பக்கத்துப் பண்ணைக்காரி, புருஷனுக்கு இங்கிலாந்தில் வேலை. அந்த விடியலில் அடுத்தவன் கிணற்றில் முதல் தண்ணீர் எடுப்பவள் அவன் வெண்ணெயைத்தான் எடுக்கிறாள். அதன்பின் மூன்று வாரம் எங்கள் கடையும் பீப்பாயில் வெறும் நுரைதான்.

செய்யவேண்டியதைச் செய்தேன். கதவைப் பூட்டினேன், ஏர்க்கொழுவைக் கழற்றி நெருப்பில் போட்டேன். கொழு சிவக்கச் சிவக்கத் திருடியவளுக்கு உள்ளே எரியும். தானே வந்து கதவைத் தட்டுவாள். வெண்ணெய் திரளும்முன் திறந்தால் போனது போனதுதான். என் மனைவி டீலியா கடைந்துகொண்டிருந்தாள்.

தட்டும் சத்தம் கேட்டது.

"டீலியாக்கா, வலி வந்துடுச்சு. கதவத் தெறக்கா."

"கேட்டியா? எரியுது அவளுக்கு," என்றேன்.

"அவ நெறமாசக்காரிய்யா. வயித்துல இருக்குறது புள்ளயா, உன் வெண்ணெயா? சாவியக் குடு, மனுசா."

சாவி என் பையிலேயே இருந்தது.

"கிணத்துல எடுத்தத வச்சுட்டுப் போ," என்றேன் கதவைப் பார்த்து.

"தண்ணிதாண்ணே எடுத்தேன். எங்க கிணத்துல ஆட்டுக்குட்டி செத்துக் கெடந்துச்சு."

தெளிவாகத்தான் கேட்டது. இன்றும் கேட்கிறது. அவள் கத்தக் கத்த நான் துருத்தியை வேகமாக ஊதினேன். டீலியா ஒரு கையால் என்னை அடித்தாள், அழுதாள், பிறகு மத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் கையிலிருந்து மத்தை வாங்கி மீதியை நான் கடைந்தேன். வெளியே குரல் அடங்கியது. வெண்ணெய் திரண்டது, நல்ல மஞ்சளாக.

அப்புறம் கதவைத் திறந்தேன். வாசற்கல்லில் கிடந்தாள். குழந்தை பிறந்திருந்தது. இரண்டு பேரிடமும் மூச்சு இல்லை.

அந்த வெண்ணெயை நான் தொடவில்லை. ரொட்டியை வெறுமனே தின்கிறேன். பூட்டியது நான், ஊதியது நான், அதை மறைக்கவில்லை. அடுப்புச் சூட்டில்தான் வெண்ணெய் திரண்டது என்கிறாள் டீலியா. அவளுக்கு என்ன தெரியும்.

கையைப் பிடிக்கவேண்டாம். லாக்கப் அறை எது என்று சொல்லுங்கள், நானே நடந்து போகிறேன். ஆனால் அவள் எடுக்கவில்லை என்றால், அவள் மூச்சு நின்ற நிமிஷத்தில் என் வெண்ணெய் எப்படித் திரும்பி வந்தது?