ஏழாவது வரி

இல்ல சார், அந்த ஏழாவது வரிய மட்டும் இப்பத் தொடாதீங்க. அதக் கடைசியாப் பாத்துக்கலாம். இந்த மெஷின் தானா ஓட்டற ஒம்போது வேலைல மத்த எட்டையும் மொதல்ல முடிச்சிருவோம். புது மெஷினுக்கு மாத்தணுமா, இல்ல அழிச்சிரலாமான்னு நான் சொல்லிக்கிட்டே வரேன், நீங்க டிக் போட்டுக்கிட்டே வாங்க. அஞ்சு மணிக்குத்தான நிறுத்தப்போறீங்க? இப்ப மூணே முக்கால். தாராளமா நேரம் இருக்கு.

அந்த நாற்காலி வேணாம் சார், பின்னாடி சாயும். போன வாரம் ஒருத்தர் காபியோட மல்லாந்துட்டாரு. இதுல உக்காருங்க.

இந்த மெஷினுக்கு எங்க டீம்ல என்ன பேரு தெரியுமா? மாமியார். எந்நேரமும் முனகிக்கிட்டே இருக்கும், கை வச்சா சத்தம் போடும், ஆனா இது இல்லன்னா வீட்ல ஒரு வேலையும் நடக்காது. ஒம்போது வருஷம். சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்ட்ல இருந்து நீங்க வந்து நிறுத்தப்போறீங்கன்னு தெரிஞ்சதும் எங்க ஆளுங்க கேக் வெட்டலாமான்னு கேட்டாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்.

ஒண்ணாவது வரி பேக்கப். காலைல ஆறு மணிக்கு ஓடும். மாத்துங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், பேக்கப் எடுக்கறது பெரிய காரியமே இல்ல. எடுத்தத திருப்பி வச்சுப் பாத்திருக்கமாங்கறதுதான் விஷயம். மாசத்துல ஒரு நாள் பிரிச்சுப் பாக்கணும். இங்க முன்னாடி ஒருத்தர் ஒன்றரை வருஷம் தவறாம எடுத்துக்கிட்டிருந்தாரு. ஒருநாள் தேவைப்பட்டுத் திறந்தா, ஃபைல் பேரு சரி, தேதி சரி, உள்ள ஒண்ணுமே இல்ல. மனுஷன் முகத்தப் பாக்கணுமே.

எழுதிக்கறீங்களா? எழுதுங்க, எழுதுங்க. ஓ, அன்னைக்கு என் பேச்சுக்கு நீங்க வரலையா. மூணாவது மாடி ஹால்ல, மத்தியானம். டெவலப்பர்களுக்கு அன்றாடம் உதவற டூல்ஸ், டிப்ஸ்னு தலைப்பு போட்டிருந்தாங்க. எல்லாம் அதுல சொன்னதுதான். பரவால்ல, உங்களுக்குத் தனியா ஒரு காட்சி.

ரெண்டாவது, பழைய ஃபைலையெல்லாம் கூட்டித் தள்ளற ஸ்கிரிப்ட். மாத்துங்க. ஆனா புது மெஷின்ல மொதல் தடவை ஓட்டும்போது அழிக்க விடாதீங்க. எதையெதை அழிக்கப்போறன்னு பட்டியல் மட்டும் போடச் சொல்லுங்க. அத உக்காந்து படிங்க. அப்புறம் கை வைங்க. நான் படிக்காம ஒரு தடவை என்டரத் தட்டி, டீமோட ஒரு வாரத்து வேலை போச்சு. ரெண்டு நாள் யாரும் எங்கூட கேன்டீனுக்கு வரல.

மூணு அழிச்சிருங்க. என்ன பண்ணுதுன்னா கேக்கறீங்க? தெரியாது சார். யாருக்கும் தெரியாது. எழுதினவர் போய் அஞ்சு வருஷம் ஆச்சு. தயவுசெய்து இத மாத்தாதீங்கன்னு மேல ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டாரு, அவ்ளோதான். ஏன் மாத்தக்கூடாதுன்னு எழுதல. என்ன செய்யுதுங்கறத கோடப் படிச்சாலே கண்டுபிடிச்சிரலாம். ஏன் செய்யுதுங்கறத எழுதினவர்தான சொல்லணும்? போன மாசம் பயந்துகிட்டே நிறுத்திப் பாத்தேன். உலகம் அப்படியேதான் இருந்துச்சு.

நாலும் அஞ்சும் ரிப்போர்ட். மாத்துங்க. ரெண்டும் நான் எழுதினது. மூணு தடவைக்கு மேல ஒரு வேலையக் கையால செஞ்சா எனக்கு அரிக்க ஆரம்பிச்சிரும். உடனே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி மெஷின் தலைல கட்டிருவேன். உன்ன விட்டா பல்லு வெளக்கறதையும் கட்டிருவன்னு இங்க கிண்டல் பண்ணுவாங்க.

ஆறு, கஸ்டமர் மெயிலப் படிச்சுப் பிரிச்சு வைக்கறது. மாத்துங்க. அதுல ஒரு நல்ல விஷயம் பண்ணியிருக்கேன். புரியாத மெயில் ஏதாவது வந்தா அதுவா எந்த முடிவும் எடுக்காது. நின்னுட்டு என் ஃபோன அடிக்க வைக்கும். எத்தன ரூல் எழுதினாலும் எதுலயும் சேராதது ஒண்ணு வந்தே தீரும் சார். அப்ப அது ஒரு ஆளக் கூப்பிடணும். யாரோ ஒருத்தர் அட்டப்பெட்டி நசுங்கி வந்துச்சுன்னு எழுதினதுக்கெல்லாம் என் ஃபோன் அடிச்சிருக்கு.

எட்டும் ஒம்போதும் அழிச்சிருங்க. ரெண்டும் வெட்டி.

ம். ஏழு.

பேரப் படிச்சீங்களா? அப்பா மதியம்னு இருக்கும். ஆமா சார், எங்க அப்பாதான். ஆபீஸ் மெஷின்ல சொந்த வேலை ஓட்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். எழுதிக்கங்க, பரவால்ல.

அப்பா எங்க ஊர்ல தனியா இருந்தாரு. அம்மா போனதுக்கப்புறம் எங்கூடவும் வரல, அண்ணன் வீட்டுக்கும் போகல. அண்ணன் அதே ஊர்தான், அரை மணி தூரம், மோட்டார் ரிப்பேர் கடை வச்சிருக்கான். தினம் மத்தியானம் ஒரு மணிக்கு எனக்கு மெசேஜ் வரும். சாப்டியாம்மா. பத்து நிமிஷத்துல பதில் போகலன்னா ஃபோன் அடிப்பாரு. எடுக்கலன்னா மறுபடி அடிப்பாரு. மீட்டிங்ல இருந்தாலும் சரி, பாத்ரூம்ல இருந்தாலும் சரி. எட்டு மாசம் கையாலதான் பதில் போட்டேன். சத்தியமா.

அப்புறம் ஒரு நாள் பழசையெல்லாம் மேல தள்ளிப் பாக்கறேன், மனுஷன் மொத்தமே அஞ்சாறு விஷயந்தான் பேசறாரு. சாப்டியா. இங்க நல்ல வெயில். மாடி வீட்டுக்காரன் தண்ணிய வீணாக்கறான். முட்டி வலிக்குது. என் பதிலப் பாத்தா அதுவும் பன்னெண்டே பன்னெண்டுதான், மாத்தி மாத்தி. எனக்கு அரிக்க ஆரம்பிச்சிருச்சு. என் பதிலையே எடுத்துத்தான் ரூலாப் போட்டேன் சார். புதுசா ஒரு பொய்கூட எழுதல. சாப்டியான்னு வந்தா, சாப்டேன்பா, நீங்க சாப்டீங்களா. வெயில்னு வந்தா, வெளிய போகாதீங்க. எதுலயும் சேரலன்னா, சரிப்பா. அவர் மெசேஜ் வந்தா என் ஃபோன் சத்தமே போடாது, மெஷினே என் நம்பர்ல பதில் போட்ரும். அவ்ளோதான் அந்த ஸ்கிரிப்ட்.

ஆமா, அதுல என் ஃபோன அடிக்க வைக்கறத எழுதல. அட்டப்பெட்டி நசுங்கினதுக்கு எழுதினேன், இதுக்கு எழுதல. அப்பாதானேன்னு விட்டுட்டேன்.

ரெண்டு வருஷம் ஓடுச்சு. அவருக்கு ரொம்ப சந்தோஷம். எம்பொண்ணு எவ்ளோ வேலையிலயும் ஒரு மணிக்கு டாண்ணு பதில் போட்ருவான்னு தெருவுல போறவங்க வரவங்ககிட்டல்லாம் ஃபோனக் காட்டுவாரு. அண்ணனத்தான் போட்டு வறுத்தெடுப்பாரு, தங்கச்சியப் பாத்துக் கத்துக்கடான்னு. மொதல்ல ஞாயித்துக்கிழமையானா உக்காந்து, வந்ததையும் அனுப்பினதையும் மெஷின் எழுதி வைக்கற லாகப் படிப்பேன், அந்த வாரம் என்ன பேசியிருக்கோம்னு. ஃபோன்ல பேசும்போது தெரியணும்ல. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் விட்டுட்டேன். ஒழுங்கா ஓடற ஸ்கிரிப்ட்டோட லாக யாரு சார் படிக்கறாங்க?

மாத்தவா அழிக்கவாங்கறீங்க. சொல்றேன், இருங்க.

அந்த லாகத் திறங்க. கடைசிப் பக்கம். இருபத்திமூணு நாளைக்கு முன்னாடி. தேதி பாத்தீங்கன்னா நான் மூணாவது மாடி ஹால்ல பேசின அன்னைக்குத்தான். படிங்க. சரி விடுங்க, எனக்கு மனப்பாடம். ஒண்ணு பத்து. வந்தது, நெஞ்சுப் பக்கம் வலிக்குதும்மா. அனுப்பியது, ரூல் நாலு, மாத்திரை போட்டுட்டுக் கொஞ்ச நேரம் படுங்கப்பா, சாயங்காலம் கூப்பிடறேன். வந்தது, சரிம்மா.

ரூல் நாலு வலிங்கற வார்த்தைய மட்டுந்தான் பாக்கும். முட்டி வலிக்குன்னு எழுதினது. இருநூறு தடவைக்கு மேல சரியா வேலை செஞ்சிருக்கு.

கீழ இன்னொரு வரி இருக்கும். மூணு நாப்பது. வந்தது, கூப்பிடறியா. அனுப்பியது, எதுலயும் சேரல, சரிப்பா.

அந்த நேரத்துல நான் ஹால் வாசல்ல டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். சின்ன வேலையெல்லாம் மெஷினுக்குக் குடுத்துட்டு முக்கியமானத நாம பாக்கணும்னு பேசினேன்ல, அதுக்குக் கை குடுத்துக்கிட்டிருந்தாங்க. ஏழு மணிக்கு மாடி வீட்டுக்காரர்தான் கதவத் தட்டிப் பாத்திருக்காரு. அந்தத் தண்ணிய வீணாக்கறவரு. மாத்திரை போட்டுட்டுப் படுத்திருக்காரு சார். தலைமாட்டுல டம்ளர் இருந்துச்சு. சொன்னபடி செஞ்சிருக்காரு.

தண்ணியெல்லாம் வேணாம் சார், நான் நல்லாத்தான் இருக்கேன். அதான் எனக்கே புரியல. ஊருக்குப் போனேன், ஆக வேண்டியதெல்லாம் பாத்தேன், ரெண்டு வாரத்துல வேலைக்கு வந்துட்டேன். பசிக்குது, சாப்பிடறேன். படுத்தா தூக்கம் வருது. அழுகை மட்டும் வரல. காதுல பஞ்சு வச்ச மாதிரி எல்லாம் எங்கேயோ தூரத்துல நடக்குது. வந்த அன்னைக்கே லாகப் படிச்சேன். படிச்சு முடிச்சிட்டு நாலாவது வரி ரிப்போர்ட்ல ஒரு தப்பு இருந்துச்சு, அத சரி பண்ணினேன்.

அண்ணன்தான் சரியில்ல. அப்பா ஃபோன் அவன்கிட்ட இருக்கு. ரெண்டு வருஷத்து மெசேஜையும் உக்காந்து படிச்சுக்கிட்டிருக்கான். கடையத் திறக்கறதில்ல, சாப்பாட்டுல கை வச்சுட்டு எந்திரிச்சிடறான்னு அண்ணி சொல்றாங்க. போன வாரம் எனக்கு ஃபோன் போட்டு அழுதான். நீ அவ்ளோ தூரத்துல இருந்து ஒரு நாள் விடாம விசாரிச்சிருக்க, நான் அரை மணி தூரத்துல இருந்துகிட்டு என்னத்தப் புடுங்கினேன்னு கேக்கறான். நெஞ்சு வலிக்கும்போது பக்கத்துல இருக்கற பையனுக்குச் சொல்லணும்னு அவருக்குத் தோணல பாரும்மா, உன்ட்ட சொன்னாத்தான் பதில் வரும்னு நினைச்சிருக்காருங்கறான். நீ என்ன டாக்டரா, வயசானவர் வலிங்கறாரு, படுங்கன்னு சொன்ன, யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்கன்னு எனக்கு ஆறுதல் வேற. வலின்னு போட்ட அதே நிமிஷத்துல உன் பதில் வந்திருக்கே, ஃபோனக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியா அவருக்காகன்னு கேட்டான்.

நான் ம்னு சொன்னேன் சார்.

இந்த லாக் போயிருச்சுன்னா நான் நல்ல பொண்ணு. அந்த ஃபோனப் பாத்து ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. எது என் கையால போட்டது, எது ரூல் போட்டதுன்னு இந்த மெஷினுக்கு மட்டுந்தான் தெரியும். அத நீங்க அஞ்சு மணிக்கு நிறுத்தி, டிஸ்கையும் நொறுக்கப் போறீங்க. அண்ணன் மட்டும் காலத்துக்கும் தன்னத்தானே தின்னுக்கிட்டு உக்காந்திருப்பான், தங்கச்சி அளவுக்குத் தான் இல்லையேன்னு.

மணி என்ன? நாலு அம்பதா. பாத்தீங்களா, ஒம்போது வரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல பேசியிருக்கேன்.

அண்ணன் கீழ ரிசப்ஷன்ல உக்காந்திருக்கான் சார். ராத்திரி ரயிலப் பிடிச்சு வந்திருக்கான். அப்பா ஃபோன் எனக்குத்தான் சேரணுமாம், பார்சல்ல அனுப்ப மனசு வரலயாம், கையில குடுத்துட்டு அடுத்த வண்டிக்கே போயிடறேங்கறான். நீங்க மாடிக்கு வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்தான். வேலை இருக்குண்ணா, இதோ வந்துடறேன்னு மெசேஜ் போட்டேன். சரிம்மா, மெதுவா வான்னு பதில் வந்துச்சு. நான் போட்டது நானே டைப் பண்ணினது சார். ஸ்கிரிப்ட் இல்ல.

ஏழுக்கு அழின்னு டிக் போட்டுருங்க. லாக மட்டும் பிரின்டருக்கு அனுப்புங்க. கடைசிப் பக்கம் மட்டும் இல்ல, மொத்தமும். அனுப்பியாச்சா? சரி. அதத் தூக்கிக்கிட்டு நான் கீழ இறங்கறேன். ரூல் நாலுன்னா என்னம்மான்னு கேப்பான்.