சந்தனம் பூச விடவில்லை

எனக்குச் சந்தனத்தின் மேல் எந்தக் கோபமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம். "சிஸ்டருக்கு சந்தனம்னாலே ஆவாதுங்க" என்று எல்லப்பன் அண்ணன் உங்கள் விசாரணையில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடமாக உதவியாளராக இருக்கிறவர், நல்ல மனிதர். அவர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் விஷயம் அதுவும் இல்லை.

திருத்தணியில் மலைச் சந்தனம் இல்லாத வீடு கிடையாது. சாமிக்குச் சாத்தியதை உருண்டையாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். குழந்தைக்கு வேர்க்குரு என்றாலும், தேனீ கொட்டினாலும், அடுப்பில் கை சுட்டாலும் அதைத்தான் குழைத்துப் பூசுவார்கள். மணவூர்ப் பக்கம் நடவுக்குப் போய்க்கொண்டிருந்த என் அம்மாவும் அப்படித்தான். அவள் மகளான நானும், நர்ஸ் ஆகிப் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகும், கைப்பையில் ஓர் உருண்டை வைத்திருந்தேன்.

நீங்கள் என்னை இரண்டு முறை விசாரித்தீர்கள். இரண்டு முறையும் கேட்டதற்கு உண்மைதான் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது அதை எழுதுகிறேன்.

2021ஆம் வருடம், பொங்கல் முடிந்த வாரம், சுகாதார ஊழியர்களுக்கு முதலில் கொரோனா தடுப்பூசி போட்டார்கள். எங்கள் நிலையத்தில் என்னைத்தான் முதல் ஆளாக உட்கார வைத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தடுப்பூசியில் எனக்கு நம்பிக்கை உண்டு, இன்றைக்கும் உண்டு. அதற்கு முன்னால் என் கையால் எத்தனை ஆயிரம் பேருக்கு என்னென்ன தடுப்பூசி போட்டிருப்பேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. பல லட்சத்தில் யாரோ சிலருக்கு உடம்பு ஏற்காமல் போகலாம், உடனே அட்ரினலின் போட்டால் பிழைத்துக்கொள்வார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சிலர் எங்கோ இருப்பார்கள் என்று எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன்.

ஏழாவது நிமிடத்தில் உள்ளங்கை அரித்தது. பிறகு நாக்கு தடித்தது. தொண்டைக் குழியில் யாரோ கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்துவது போல இருந்தது. மோனிஷாவைக் கூப்பிட்டேன், குரல் வரவில்லை. அவள் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆன பெண், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். டாக்டர் ஹரீஷ் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ கூட்டத்தில் இருந்தார். நானே எழுந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நடந்து, அட்ரினலின் ஆம்பூலின் கண்ணாடிக் கழுத்தை உடைத்து, ஊசியில் ஏற்றி என் தொடையில் போட்டுக்கொண்டேன். அதனால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன்.

எல்லப்பன் அண்ணன் அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். என் பையிலிருந்த சந்தனத்தை எடுத்துக் குழைத்து, முகம், கழுத்து, இரண்டு கை என்று தடிப்புக் கண்ட இடமெல்லாம் பூசிவிட்டார். "சாமி சந்தனம்மா, அடங்கிடும்" என்று அழுதுகொண்டே பூசினார். அவரைத் தடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

டாக்டர் இருபது நிமிடம் கழித்து வந்தார். தடிப்பு எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, மேலே சந்தனம் காய்ந்திருந்தது. கழுவிப் பார்க்கச் சொன்னேன். கழுவும்போது தடிப்பு அமுங்கிவிட்டிருந்தது. நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, அது நான் போட்டுக்கொண்ட மருந்தின் வேலை என்றார். "என்ன சிஸ்டர், அபிஷேகம் முடிஞ்சிதா?" என்று கேட்டு லேசாகச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பயத்தால் வந்த மயக்கம் என்று பதிவேட்டில் எழுதினார். மறுநாள், தன்னைக் கேட்காமல் யாரும் அட்ரினலின் ஆம்பூலை உடைக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்ட வைத்தார்.

அன்றிலிருந்து எனக்குச் சந்தன சிஸ்டர் என்று பெயர். அதுகூடப் போகட்டும். இரண்டாவது ஊசி பாக்கி இருந்தது.

அந்த ஊசியைப் போட்டால் நான் செத்துப்போவேன் என்று எனக்குத் தெரியும். படித்துத் தெரிந்துகொண்டது இல்லை, தொண்டைக்குத் தெரியும். விலக்குக் கேட்டு டாக்டரிடம் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரிகளுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் குறிப்புரைக்காக அவரிடமே திரும்பி வந்தது. அவர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் பேசினார்.

"அன்னிக்கு என்ன ஆச்சுன்னு நான் பாக்கலையே சிஸ்டர். பாக்காததை எப்படி எழுதித் தர்றது?"

யோசித்துப் பார்த்தால் அது நியாயமான பேச்சு. வீட்டுக்காரரும் டாக்டர் பக்கம்தான் பேசினார். நர்ஸே பயந்தா ஊர்ல எவன் போட்டுக்குவான் என்று கேட்டார். காய்ச்சல், மாதவிலக்கு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒவ்வொரு தேதியாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். யாரிடம் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கடைசியில் தைரியமாக இருக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் மேடம். உண்மையைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஏப்ரல் மாதம் கோயில் ஊழியர்கள் குடும்பங்களுக்கு அடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். வருகிற அதிகாரிக்கு முன்னால், மேடையில், நான் இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும், அதைப் படம் எடுத்துக் காட்டினால் ஜனங்களுக்குத் தைரியம் வரும் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். முந்தின நாள் இரண்டு நாளைக்கான மாவை அரைத்து வைத்தேன். மகளுக்குத் தலை பின்னிவிட்டேன், வழக்கத்தைவிட மெதுவாக.

காலையில் அதிகாரி வரத் தாமதமானது. மற்றவர்களுக்கு ஆரம்பித்துவிடச் சொல்லிவிட்டு, டாக்டர் சால்வையோடு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நான் விவரம் கேட்டு எழுதும் மேஜையில் இருந்தேன். மோனிஷா ஊசி போட்டாள்.

ஜம்பகம் மாமி வரிசையில் ஒன்பதாவது ஆள். ஐம்பத்திரண்டு வயது. தலைமுறை தலைமுறையாக மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற குடும்பம், கணவர் நீலமேகம் பின்னால் நின்றிருந்தார். எல்லோரிடமும் கேட்பதைத்தான் அந்த அம்மாளிடமும் கேட்டேன், எந்த ஊசிக்காவது உடம்பு ஏற்காமல் போனதுண்டா என்று. அவர் மேஜை மேல் குனிந்து, பின்னால் இருப்பவருக்குக் கேட்காதபடி சொன்னார்.

"முன்னே ஒருதரம் ஏதோ ஊசி போட்டா. முகமெல்லாம் வீங்கி, தொண்டை அடைச்சு, ரெண்டு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன்மா. இதைப் போட்டுக்கலாமா நான்?"

அப்படி ஒருவர் சொன்னால் ஊசி போடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்ப வேண்டும். அந்த விதி எனக்கு நன்றாகத் தெரியும், அதை எனக்கும் பொருத்திப் பாருங்கள் என்றுதான் மூன்று மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். படிவத்தில் ஒவ்வாமை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அந்தத் தாளை நீங்கள் இரண்டு முறை கையில் எடுத்துப் பார்த்தீர்கள். கையெழுத்து அழகாக இருப்பதாகக்கூடச் சொன்னீர்கள்.

"தாராளமா போட்டுக்கலாங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றேன்.

எழுதும் வேலையைச் சற்று நேரம் பார்க்கும்படி மோனிஷாவை அனுப்பிவிட்டு, அவருக்கு நானே ஊசி போட்டேன். அதற்கு முன்பே அவசரப் பெட்டியில் இருந்த அட்ரினலினை உடைத்துச் சிரிஞ்சில் ஏற்றி, மீதி ஆம்பூல்களோடு என் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு முன்யோசனையோடு இருந்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். உடைந்த ஆம்பூல் ஒன்று தட்டில் கிடந்தது, அது எப்போது உடைந்தது என்று உங்கள் ஆட்கள் கேட்கவே இல்லை.

ஆறாவது நிமிடத்தில் அவர் உள்ளங்கையைப் புடவையில் தேய்க்க ஆரம்பித்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையாட்டினேன், எனக்குத் தெரியும் என்று. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் மூன்று மாதத்தில் அப்போதுதான் முதல் தடவையாக எனக்கு ஒரு துணை கிடைத்தது போல நிம்மதியாக இருந்தது.

டாக்டரைக் கூட்டிவர எல்லப்பன் அண்ணனை அனுப்பினேன். அவர் திரும்பி வந்து, "வந்துகினே கீறாராம்மா, ஆபீசர் கார் திரும்பிடுச்சாம்" என்றார். மறுபடியும் அனுப்பினேன். அதற்குள் கழுத்தில் தடிப்பு ஏறியிருந்தது. மூச்சில் விசில் போலச் சத்தம் வந்தது. மோனிஷா ஓடிவந்து, "அக்கா, அட்ரினலின் போட்டுடலாங்க்கா" என்றாள். டாக்டர் ஒட்டிய தாளை நினைவுபடுத்தினேன். அவரைக் கேட்காமல் உடைக்கக் கூடாது என்றேன். அவள் பெட்டியைத் திறந்து தேடினாள். பெட்டியில் இல்லை. என் பையில் இருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் வாசலுக்கு ஓடினாள்.

நீலமேகம் சாமி மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். சந்தனம். தண்ணீர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் குழைத்து மனைவியின் கழுத்துக்குக் கொண்டுபோனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாங்க சாமி. டாக்டர் பாக்கணும்."

அவர் கேட்டுக்கொண்டார். வெள்ளைக் கோட்டுப் போட்டவள் சொன்னால் அந்தத் தலைமுறை கேட்டுக்கொள்ளும். குழைத்த சந்தனம் அவர் கையிலேயே இருந்தது. தடிப்பு ஒன்றுவிடாமல் அப்படியே தெரிந்தது, சிவப்பாக, ஓரம் தூக்கிக்கொண்டு. எனக்கு வந்ததும் அதேதான். மாமி என் இடது கையைப் பிடித்திருந்தார். வலது கை பைக்குள் இருந்தது.

தடிப்பு தெரிய ஆரம்பித்ததிலிருந்து டாக்டர் உள்ளே வரும் வரைக்கும் பதினோரு நிமிடம். சுவரில் கடிகாரம் இருந்தது, அதனால் சரியாகச் சொல்ல முடிகிறது. அவர் வந்து குனிந்து பார்த்தார். முகம் மாறியது. அட்ரினலின் எங்கே என்று கத்தினார்.

"பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"சிஸ்டர், மருந்து எங்க?"

"தடிப்பைப் பாத்தீங்களா சார்?"

"ஆங், பாத்தேன், பாத்தேன்" என்றார். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தேன். அவர் போட்டார். மறுபடியும் ஒன்று போட்டார். ஆக்சிஜன் வைத்தோம். ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு ஊரைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

மாமி சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை மேடம். எனக்குத் தேவை ஐந்து நிமிடம்தான். அதிகாரியின் கார் நேரத்துக்கு வந்திருந்தால், டாக்டர் வாசலில் நின்றிருக்காவிட்டால், அந்த அம்மாள் பிழைத்து வீட்டுக்குப் போயிருப்பார், நானும் பிழைத்திருப்பேன், அதன் பிறகு இப்படி யார் சொன்னாலும் நம்பியிருப்பார்கள். கணக்கு தப்பியது மற்றவர்களால். இதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு மாதிரி வரவில்லை.

சுவரில் ஒட்டிய தாள்தான் டாக்டரின் வேலையைப் பறித்தது. பணியிடை நீக்க உத்தரவு வருவதற்கு முதல் நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, கண் கலங்கி, மன்னிப்புக் கேட்டார். என் கோப்பில், இவருக்கு இரண்டாவது ஊசி போடக் கூடாது என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் நகலைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாமிக்கு நடந்ததைக் கேட்டுப் பயந்து எங்கள் பகுதியில் பல பேர் ஊசிக்கு வரவில்லை. அவர்கள் வீடு வீடாகப் போய், ஊசியில் தப்பில்லை என்று நானே பேசி அழைத்து வந்தேன். என் பேச்சை இப்போது நம்புகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை நீலமேகம் சாமி நிலையத்துக்கு வந்தார். ஒரு தூக்கில் மடைப்பள்ளிச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருந்தார். நின்றுகொண்டே பேசினார். அன்றைக்கு ஆளாளுக்குத் திக்குக்கு ஒருவராக ஓடினார்கள், நான் மட்டும்தான் நகராமல் இருந்தேன் என்றார்.

"கடைசி வரைக்கும் அவ கையை நீங்க விடலை. உங்களை நல்லா வெச்சிருக்கணும்னு தெனம் வேண்டிக்கறேன்."

அவர் போன பிறகு பொங்கலைச் சாப்பிட்டேன். முந்திரி நிறையப் போட்டிருந்தார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிட முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். படிவத்தில் எழுதியது பொய். மோனிஷாவிடம் சொன்னது பாதிப் பொய். ஆனால் ஜம்பகம் மாமியிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை மேடம். பக்கத்துலயே இருக்கேன் என்று சொன்னேன். பக்கத்திலேயேதான் இருந்தேன்.