லாக்லனின் கல்

ஹெக்டருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. அக்டோபர் கடைசி. பொழுது சாய்ந்து மலை கறுக்கிற நேரம். பிணப்பாதையில் அவனைத் தவிர ஈ காக்கை இல்லை.

எவனுக்கோ நடந்தது இல்லை இது. இதோ அடுப்புக்குப் பக்கத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே ஆர்ச்சி, அவனுடைய தாய்மாமனுக்கு நடந்தது. ஆர்ச்சி அப்போது கப்பலில் இருந்தான். அவன் அம்மா பெகி சொல்லித்தான் வெளியே தெரியும். கதவைச் சாத்துங்கள்... சாரல் உள்ளே அடிக்கிறது.

ஹெக்டரும் அவன் அண்ணன் லாக்லனும் கற்சுவர்க்காரர்கள். சாந்து கிடையாது, கல்மேல் கல்தான். இந்தப் பள்ளத்தாக்கில் ஆடு தாண்டாத சுவர் ஒன்று நின்றால் அது அவர்கள் கை வேலை. லாக்லன் மலைப்பக்கம், ஹெக்டர் ஆற்றுப்பக்கம், நடுவில் சுவர். நாள் முழுக்கப் பேச்சு இருக்காது. தன் பக்கத்துக்குச் சரிப்படாத கல்லை லாக்லன் சுவருக்கு மேலாகத் தள்ளிவிடுவான். ஹெக்டர் வாங்கி வைப்பான். டக்... கல் உட்காரும். அவ்வளவுதான். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கையில் எடுத்த கல்லைக் கீழே போடக்கூடாது. எடுத்தாயா, சுவரில் எங்கேயாவது வைத்துவிடு. எடுத்து எடுத்துப் போடுகிறவனுக்குச் சாயங்காலம் சுவரும் மிஞ்சாது, இடுப்பும் மிஞ்சாது.

அந்த வருஷம் பனி உருகும்போது லாக்லன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தான். பிணப்பாதை வழியாகத்தான் தூக்கிப்போனார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இடுகாடு. பாதி வழியில், பெட்டியை இறக்கிவைத்து மூச்சுவாங்கும் இடத்தில், அந்தக் கற்குவியல். எப்போது தொடங்கியது என்று சொல்ல ஆளில்லை. சிலுவை இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே இருந்தது. பெயர் மறந்துபோன ஆதி ஜனங்கள் அதன் அடியில் தங்கள் பிணங்களைக் குந்தவைத்துப் புதைத்திருக்கிறார்கள். அவர்கள் நட்ட நெடுங்கற்கள் கொஞ்சம் தள்ளி, ஆற்றைப் பார்த்தபடி இன்றும் நிற்கின்றன. அன்று தொட்டு, யார் செத்தாலும் நெருங்கியவர் ஒருவர் அந்தக் குவியலில் ஒரு கல் வைக்க வேண்டும். தூக்கிவந்தவர்கள் ஆளுக்கு ஒரு மிடறு விஸ்கி குடித்து, மிச்சத்தைக் கல்லின் மேல் ஊற்றிவிட்டுப் பெட்டியைத் தோளில் ஏற்றுவார்கள். செத்தவர் உட்கார்ந்து இளைப்பாற அந்தக் கல்தான் இடம். அதை எடுத்துவிட்டால்... உரியவர் எழுந்து தேட வேண்டியதுதான்.

லாக்லனுக்காக ஹெக்டர் முழங்கால் அளவு பனித்தண்ணீரில் இறங்கி ஆற்றிலிருந்து ஒரு கல் பொறுக்கிவந்து குவியலில் வைத்தான். சிவப்புக் கல். நடுவில் வெள்ளை நரம்பு ஓடும்.

அந்த அக்டோபரில் கலைமான்கள் பெட்டைக்காகக் கத்தித் திரிந்தன. ஒரு கிடாமான் தாண்டியதில், குவியலுக்கு எதிரே சுவர் இடிந்துபோனது. மறுநாள் மேலேயிருந்து ஆடுகளை இறக்க வேண்டும். சுவருக்குக் கீழே சேறு. இறங்கின ஆடு ஏறி வராது. ஹெக்டர் காலையிலிருந்து தனியாகக் கட்டினான். இந்தப் பக்கம் கொஞ்சம், சுற்றிப் போய் அந்தப் பக்கம் கொஞ்சம். இருட்டும்போது, சுவரின் வயிற்றில் அடைக்கிற சில்லு தீர்ந்துபோயிற்று. இன்னும் ஒரு கை இருந்தால் போதும். இடுப்பு குத்தியது. கிடைத்த இடத்தில் உட்கார்ந்தான். அழுகிய சருகு வாடை. மலைக்கு மேலே மான் கத்தியது.

கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஒன்றை எடுத்து எடை பார்த்தது...

எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தபோது கல் கையில் இருந்தது. குவியலிலிருந்து எடுத்த கல். கீழே போடக்கூடாத கல். ஆயுசு முழுக்கப் பழகின கை, விரல் விரியவில்லை. இத்தனை கல்லில் ஒன்று, யாருடையதோ, எந்தக் காலத்ததோ என்று நினைத்துக்கொண்டான். எழுந்து போனான். சுத்தியலால் ஓர் அடி. சிதறியதை வாரிச் சுவருக்குள் அடைத்தான், உச்சியில் தலைக்கல்லைக் குத்தி நிறுத்தினான். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தான். இதோ, நாம் உட்கார்ந்திருக்கும் இதே வீட்டுக்குத்தான். சுவரிலிருந்து கூப்பிடு தூரம்.

பெகி வாற்கோதுமையும் ஆட்டெலும்பும் போட்டுக் கொதிக்கவைத்த சூப்பை ஊற்றினாள். ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆள் செய்தால் இப்படித்தான், லாக்லன் பார்த்திருந்தால் உன்னைச் சிரித்தே கொன்றிருப்பான் என்றாள். ஹெக்டரின் கை கரண்டியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது.

நடுராத்திரி. முதலில் ஓர் உரசல். கல்லோடு கல்... அப்புறம் புல்லில் தொப்பென்று ஒன்று.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

மறுபடி உரசல். தொப்.

சுவர் சரிந்தால் கடகடவென்று போகும். இது சரிவது இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து, பார்த்து, கீழே வைக்கிற சத்தம். ஹெக்டர் போர்வைக்குள் கிடந்து விடியும்வரை கேட்டான்.

காலையில் பார்த்தால் சுவரில் ஒரு வாசல். ராத்திரியே தானாக இறங்கிவந்த ஆடு ஒன்று சேற்றில் கழுத்துவரை முங்கிச் செத்துக் கிடந்தது. பிரித்த கற்கள் புல்லில் வரிசையாக இருந்தன. தலைக்கற்கள் தூரத்தில், முகப்புக் கற்கள் அதற்கு இப்பால், சில்லுகள் சுவரின் காலடியில். திரும்பக் கட்டும்போது கைக்கு ஒழுங்காக வரவேண்டும் என்று சுவர்க்காரன் மட்டும் வைக்கிற வரிசை. எல்லாம் மலைப்பக்கம். லாக்லன் நிற்கிற பக்கம். ஈரப் புல்லில் கறுப்புப் புகையிலை வாடை அடித்தது. ஹெக்டர் புகைபிடிக்கிறவன் இல்லை.

சில்லுகளை யாரோ ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்திருந்தார்கள். ஒன்று சிவப்பு. குறுக்கே வெள்ளை நரம்பு.

பக்கத்தில் இன்னும் சில சிவப்புத் துண்டுகள்.

பெகியிடம் வந்து சொன்னான். அவள் திட்டவில்லை. கையிலிருந்த பால் வாளியை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனையோ வீட்டுச் சுவரு கட்டுனவன். அவனுக்குன்னு இருந்தது அந்த ஒரு கல்லுதான்டா. அதையும் ஒடச்சுட்டியா?"

"இருட்டுல தெரியலக்கா."

"கொண்டுபோய்க் குடுத்துரு. இன்னிக்கே குடு. முழுசாக் குடு."

சிவப்புத் துண்டுகளைப் பொறுக்கிவந்து சாப்பாட்டு மேசையில் பொருத்தினான். பழகிய கை விளிம்பு விளிம்பாகச் சேர்த்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் சேரவில்லை. உள்ளங்கை அகலம். திரும்பப் போய்ப் புல்லைக் கையால் சீவினான். கிடைக்கவில்லை. இருந்ததைத் துணியில் கட்டிக் குவியலில் வைத்து, விஸ்கி ஊற்றி, அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு வந்தான். சுவரையும் கட்டி முடித்தான்.

அன்று ராத்திரி சத்தமில்லை. அடுத்த ராத்திரி... உரசல்.

லாந்தரை எடுத்துக்கொண்டு போனான். கிட்டே போனதும் சத்தம் நின்றது. மான்கூடக் கத்தவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு இழுத்தது. ஈரக் கம்பளி வாடையும் அந்தப் புகையிலையும்.

"அண்ணே, நீ போ. நான் தேடித் தர்றேன்."

சுவருக்கு மேலே ஒரு கல் மெல்ல அசைந்தது. நகர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு... சரிப்படாத கல்லைத் தம்பியிடம் தள்ளிவிடுகிற மாதிரி. ஹெக்டரின் கை தானாக நீண்டு வாங்கியது. லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தான். சாம்பல் நிறம். அது இல்லை. அதற்குள் அடுத்த கல் நகர்ந்து வந்தது.

குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. பகலில் சேற்றை அரித்துப் பார்த்தான், ராத்திரியில் சுவரடியில் நின்றான். நகமெல்லாம் போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தாலும் கை மேசையைத் தடவிக்கொண்டே இருக்கும். மான் குளம்பில் ஒட்டிக்கொண்டு போனதோ, ஆற்றில் உருண்டதோ, யார் கண்டது? வசந்தம் வருவதற்குள் ஒரு காலையில் பெகிதான் பார்த்தாள். சுவர் வாசலில் மண்டியிட்டபடி விறைத்துக் கிடந்தான். விரல்கள் மடங்கி, கை காலியாக.

அவனையும் அதே பாதையில் தூக்கினார்கள். பெகி அவனுக்கு ஒரு கல் வைத்தாள். ஆர்ச்சி கப்பலிலிருந்து வந்து, மாமன் விட்ட இடத்தைச் சிமென்ட் வைத்துப் பூசினான்.

இன்று காலை ஆடு இறக்கினவர்கள் நீங்கள்தான். சிமென்ட்டையும் மீறி அந்த வாசல் மறுபடி திறந்திருந்ததைப் பார்த்தீர்கள். மான் இடித்தது என்று எவனோ சொன்னான். அப்போது தலையைக் கவிழ்த்த ஆர்ச்சி இன்னும் நிமிரவில்லை. கற்கள் கிடந்த வரிசையை யாராவது கவனித்தீர்களா?

லாக்லன் தனியாகத் தேடின காலத்தில் எல்லாக் கல்லும் மலைப்பக்கம் இருக்கும்.

இப்போது இரண்டு பக்கமும் இருக்கிறது.

சிவப்புத் துண்டு ஒன்று. உள்ளங்கை அகலம், ஓரத்தில் வெள்ளை நரம்பு. லாக்லனுக்கு அது இன்னும் பாக்கி.