பெரியவங்க ரெண்டு, செல்லம் ஒண்ணு

— அந்தக் கிண்ணத்துல பேரு எழுதச் சொன்னது யாரு?

— நீங்கதான் சார். வர்ற ஒவ்வொரு செல்லத்துக்கும் பேரு எழுதின கிண்ணம் இருக்கணும், கதவைத் திறந்ததும் கண்ணுல படணும்னு மீட்டிங் போட்டுச் சொன்னீங்களே. மேனேஜர் நீங்க சொன்னா நான் எழுத மாட்டேன்னா சொல்ல முடியும்?

— நாய்க்குச் சொன்னேன் ஆக்ஸிலியா! பொம்பளப் பிள்ளைக்கா சொன்னேன்?

— மெதுவா பேசுங்க சார். நாலாம் நம்பர் ரூமுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். இனிமே கேக்கறதுக்கு என்ன கெடக்கு? அப்பனே முருகா! இந்தா பாரு ஆக்ஸிலியா, அழுகாதன்னு சொல்றேன்ல. முதல்ல இருந்து ஒண்ணுவிடாம சொல்லு. கார் வந்துச்சு. அப்புறம்?

— கார் வந்ததும் நான் போர்டிகோவுக்கு ஓடினேன் சார். முன் சீட்டுல புருஷனும் பொண்டாட்டியும். பின் சீட்டுல ஒரு பிள்ளை, ஒம்பது பத்து வயசிருக்கும், காதுல பெரிய ஹெட்ஃபோன் மாட்டி உக்காந்திருந்துச்சு. நான் நாயைத் தேடுறேன். சீட்டுக்கு அடியில எல்லாம் எட்டிப் பாத்துட்டு, ‘எங்க நம்ம சிட்டுக்குட்டி, இறங்க மாட்டாங்களா’ன்னு கேட்டேன். அந்தப் பிள்ளை தலையை நிமித்துச்சு சார்.

— அப்பவாச்சும் உனக்குப் புரிய வேண்டாமா?

— புரிஞ்சிருச்சு. ரூமுக்கு ஓடினேன். அதுக்குள்ள வேலுத்தாய் அக்கா பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயி ரூமைத் திறந்து விட்டுட்டாங்க.

— திறந்தா?

— திறந்தா எல்லாம் அங்கனயே இருக்கு. தரையில குட்டி மெத்தை. பக்கத்துல ‘சிட்டு’ன்னு பெயிண்ட் அடிச்ச கிண்ணம். எலும்பு பிஸ்கட்டு. கட்டிப் போடுறதுக்குச் சுவத்துல கொக்கி.

— அந்தக் கொக்கியை வெள்ளனே எந்திரிச்சு நானே அடிச்சேன்.

— கரும்பலகை வேற சார். ‘வாலாட்டி வரும் சிட்டுவே, வருக வருக’ன்னு கலர் சாக்பீஸ்ல பூவெல்லாம் போட்டு எழுதியிருந்தேன்.

— அய்யய்யோ.

— அந்தம்மா ஒவ்வொண்ணா நின்னு பாத்தாங்க. ஒரு வார்த்தை திட்டல. ‘கொஞ்ச நேரம் எங்களைத் தனியா விடுங்க’ன்னு கதவைச் சாத்திக்கிட்டாங்க. அரை மணி நேரமாச்சு. வேலுத்தாய் அக்கா சாப்பாட்டை வாசல்லயே வச்சுட்டு வந்துட்டாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம் சார்.

— உள்ள உக்காந்து ஃபோட்டோ எடுத்துக்கிட்டு இருப்பாங்க. சாயந்தரத்துக்குள்ள ஊரு பூரா பாத்துரும். கொடைக்கானல்ல பிள்ளைக்கு நாய்க் கிண்ணம் வச்ச ஓட்டலுன்னு பேராகிப் போகும். மழை மாசமெல்லாம் ரூமு பூட்டிக் கெடந்து, நாயோட வர்றவங்களை விட ஆரம்பிச்ச பெறகுதான் நாலு பேரு வர்றாங்க. முதலாளி காதுக்கு இது போச்சுன்னா உனக்கும் சோலி இல்ல, எனக்கும் சோலி இல்ல.

— என் சோலி போனாப் போகட்டும். அந்தப் பிள்ளை படிச்சிருக்கும்ல சார், வாலாட்டின்னு?

— அது எங்க படிக்கப் போகுது?

— ஏன் சார் படிக்காது?

— இல்ல, ஹெட்ஃபோன் அது இதுன்னியே. ஒரு மாதிரியான பிள்ளை போலன்னு நெனச்சேன். விடு. அந்த ஃபாரத்தை எடு. எங்க கோளாறு நடந்துச்சுன்னு பாப்போம்.

— இந்தாங்க, வாட்ஸப்ல வந்ததைப் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். ‘பெரியவங்க ரெண்டு, செல்லம் ஒண்ணு.’

— இதுல நாய்னு எங்கயாவது போட்டிருக்கோமா?

— எப்படி சார் போடுறது? போன மாசம் அந்த மெட்ராஸ் மேடம்கிட்ட, ‘நாயைப் புல்லுல விடாதீங்க’ன்னு நீங்க சொல்லப் போயி, ‘என் பையனை நாய்ங்கிறீங்களா’ன்னு அவங்க ஆடின ஆட்டம் மறந்துருச்சா? நாய்ங்கிற வார்த்தையே இந்த ஓட்டல்ல யாரு வாயிலயும் வரக் கூடாதுன்னு அன்னைக்கு ஆர்டர் போட்டது யாரு? ஃபாரத்துல இருந்த நாயை எல்லாம் அடிச்சுட்டு, செல்லம் செல்லம்னு மாத்துனேன்.

— சரி, சரி. மேல வாசி.

— செல்லத்தோட பேரு, சிட்டு. வயசு, ஒம்பது. தடுப்பூசி போட்டாச்சா? எல்லாம் போட்டாச்சு. என்ன சாப்பிடும்? வெள்ளைச் சோறு, கோழி, காரட். ஒண்ணோட ஒண்ணு படக் கூடாது.

— ஆமா. அதுக்குத்தான கவுஞ்சித் தோட்டத்துல சொல்லி விட்டுப் பிஞ்சுக் காரட்டா வரவழைச்சேன்.

— சத்தம் போடுமா? போடும். புது இடம்னா கூடுதலாப் போடும்.

— அதனாலதான் ஓரத்து ரூமு.

— எதுக்குப் பயப்படும்? பட்டாசு, மிக்ஸி, கை தட்டுற சத்தம். புது ஆளைக் கண்டா என்ன செய்யும்? ஒளிஞ்சுக்கும். அவசரப்படுத்தாம இருந்தா தானே வந்து பக்கத்துல உக்காரும்.

— இது வரைக்கும் எவன் படிச்சாலும் நாய்னுதான நெனப்பான்? நம்ம மேல என்ன தப்பு?

— இன்னும் ஒரு கேள்வி இருக்கு சார். கடிக்குமா?

— என்ன எழுதியிருக்காங்க?

— ‘மத்தவங்களைக் கடிக்க மாட்டா. மனசு தாங்காதப்ப தன் கையைத்தான் கடிச்சுக்குவா.’

— கையா? நாய்க்கு ஏது கை? இதைப் படிச்சுமா உனக்கு உறைக்கல?

— நாய் வளக்கிறவங்க முன்னங்காலைக் கைன்னுதான் சார் சொல்றாங்க. அவ இவங்கிறாங்க, பாப்பாங்கிறாங்க. நேத்து கன்ஃபர்ம் பண்ண ஃபோன் போட்டேன். ‘பாப்பா என்ன பண்றா’ன்னு கேட்டேன். ‘காலையில இருந்து பெட்டியைக் கட்டுறதும் பிரிக்கிறதுமா இருக்கா’ன்னாங்க. நான் சிரிச்சேன். ப்ராமிஸா, நாயைத்தான் அப்படிக் கொஞ்சுறாங்கன்னு நெனச்சேன் சார். ஏசப்பா, அவங்க காது கேக்க நான் சிரிச்சேனே!

— பிள்ளைன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா…

— தெரிஞ்சிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?

— ஒண்ணுமில்ல. நீ ஏன் அதைப் பிடிச்சுத் தொங்குற? அங்க பாரு, நாலாம் நம்பர் கதவு திறக்குது. அந்தம்மா இங்கதான் வருது. கண்ணைத் துடை. வெரசா!

— நான் பேசட்டுமா சார்?

— நீ வாயைத் திறக்காத. வாங்க மேடம், வாங்க வாங்க. நான் மேனேஜர் பழனிக்குமார். உங்க கால்ல வேணா விழுறேன் மேடம்…

— அதெல்லாம் எதுக்குங்க? கொஞ்சம் காரட் கிடைக்குமான்னு கேக்க வந்தேன். சோறும் கோழியும் காரட்டும் தனித்தனியா வந்துச்சு. சிட்டு மிச்சம் வைக்காம சாப்பிட்டா. வெளியூர்ல வந்து அவ இப்படிச் சாப்பிட்டதே இல்ல.

— பாப்பா சாப்பிட்டாளா மேடம்?

— நீதான ஃபோன்ல பேசின ஆக்ஸிலியா? ஏன்மா கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு?

— அந்தக் கிண்ணத்தை இப்பவே வந்து எடுத்துறேன் மேடம்.

— எடுத்துறாத தாயி. மடியில வச்சுக்கிட்டு அவ பேரு மேல விரலை ஓட்டிக்கிட்டு இருக்கா. அவ எழுத்துக் கூட்டிப் படிச்ச முத வார்த்தையே அந்தப் பேருதான். அந்தப் பலகையை மட்டும் அவங்க அப்பா அழிச்சுட்டாரு.

— அப்போ அவ அதையும் படிச்சுட்டாளா?

— அதுக்குள்ள அழிச்சுட்டாரும்மா. எனக்குத்தான், தரையில அவ பேரைப் பாத்ததும் தாங்கல. அவ முன்னாடி அழுகக் கூடாதுன்னு பாத்ரூம்ல போயி உக்காந்துட்டேன். அதான் உங்களை வந்து பாக்க இவ்வளவு நேரம்.

— மேடம், இதுல உங்க தப்பு துளிகூட இல்ல. அந்த ஃபாரம் வந்து… பிள்ளைகளுக்கு உள்ளதில்ல. நாய்க்கு உள்ளது. நாங்க அந்த வார்த்தையைப் போடாம விட்டோம், உங்களுக்குத் தெரியாம போச்சு.

— தெரியும்ங்க.

— என்ன மேடம்?

— உங்க விளம்பரத்துலயே இம்மாம்பெரிய நாய்ப் படம் போட்டிருக்கே, தெரியாம இருக்குமா? தெரிஞ்சுதான் எழுதினேன். என்ன சாப்பிடும், எதுக்குப் பயப்படும், பக்கத்துல எப்படி வரணும்னு என் மகளைப் பத்தி எந்த ஓட்டல்காரங்களும் கேட்டதில்ல. ஒவ்வொரு கேள்வியாப் படிச்சேன். எல்லாத்துக்கும் எங்கிட்டப் பதில் இருந்துச்சு.

— அப்படி இல்ல மேடம். எங்ககிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இந்த மாதிரி, பிள்ளை வருதுன்னு.

— சொன்னேனே சார். போன மே மாசம் கன்னிவாடியில இருந்து புவனா பேசுறேன்னு ஃபோன் பண்ணேன். பிள்ளை சத்தம் போடுமான்னு கேட்டீங்க, போடும்னேன். ‘மத்த கெஸ்டுக்குத் தொந்தரவு, அந்த மாதிரிப் பிள்ளைக்கெல்லாம் இங்க ரூமு இல்ல’ன்னு சொன்னது இதே குரல்தான்.