முன்னாடி ரெட்டைப் பைப்பு, அடியில தகடு

(நல்ல பெண் இந்தத் தாமரைச்செல்வி. சேந்தமங்கலம் வெல்டிங் பட்டறையில், அப்பா மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளை மாப்பிள்ளை குனிந்து குனிந்து தடவுவதைப் பார்த்தபடி வெகுநேரமாகச் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். அவர் எதைக் காட்டிக் கேட்டாலும் 'நல்லாருக்குங்க' என்கிறாள். வேறு என்ன சொல்வது? நிச்சயம் முடிந்தாயிற்று.)

— என்ன டீச்சர், பலமான யோசனை? இந்த ரெட்டைப் பைப்பு எப்படி இருக்குது?

— நல்லாருக்குங்க.

— பாத்தீங்களா செல்லமுத்தண்ணா, டீச்சரே பாஸ் போட்டுட்டாங்க. போன ஞாயித்துக்கெழம பெங்களூர்ப் பசங்க ஒரு கூட்டம் மலை மேல போனாங்களே, அவங்க வண்டியில இருந்த மாதிரி வேணும். முன்னாடி காட்டெருமைக் கொம்பாட்ட நிக்கோணும். சும்மா கெத்தா.

— கொம்பு வெக்கிறதுக்கு நானென்ன மாட்டுத் தரகனுங்களா மாப்ள? கார்டுங்கறது வேற, விழுந்தா அடிபடாமக் காக்கறது. நீங்க எப்படி விழுவீங்கன்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன பைப்பை வளைக்கிறேன்.

— எப்படி விழுவேன்னா?

— வலது பக்கமாவா, இடது பக்கமாவா. ஏறும்போதா, எறங்கும்போதா. நின்ன வண்டியில இருந்தே விழறவங்க இருக்கறாங்க சாமி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழக்கமுங்.

— ஏனுங்ணா, கல்யாண மாப்பிள்ளைகிட்டப் பேசற பேச்சா இது?

— விழமாட்டீங்கன்னா கார்டு எதுக்குங்? டயருக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழத்த வெச்சு ஏத்திட்டுப் போயிருங்க. மலை மேல இருக்கற அறப்பளீஸ்வரர் பாத்துக்குவாரு. அவருக்கு வெல்டிங் மட்டுந்தான் வராது.

— அப்படி இல்லீங்ணா. டீச்சரைத் தெனமும் மலை மேல பெரக்கரை நாட்டுப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி உட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வரோணும். மாமனாருகிட்ட அதச் சொல்லித்தான் வண்டியே கேட்டேன். நாளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா என்ர மானம் போயிரும். அதனால ஒண்ணும் கொறை இருக்கக்கூடாது.

(அதைக் கேட்டபோது அப்பாவின் முகம் மலர்ந்தது. வளைவுக்கு வளைவு யாராவது வாந்தி எடுக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற மகளை, ஒருத்தர் உட்கார வைத்துக் கூட்டிப்போகிறேன் என்கிறார். தாமரைச்செல்வியின் முகமும்தான் மலர்ந்தது. அதை இப்போது இல்லை என்று சொல்லக் கூடாது.)

— அடித்தகடு இரும்புல போடறதுங்களா, அலுமினியத்துலயாங்?

— எது கெத்து?

— அடியில குனிஞ்சு யாருங் கெத்துப் பாக்கறாங்க? அலுமினியம் கனமிருக்காது, ஆனா கல்லுல மோதுனா பொளந்துக்கும். இரும்பு நசுங்கும். எங்கிட்டக் கொண்டு வந்தா தட்டி நிமுத்திக் குடுத்துருவேன்.

— இரும்பே போடுங்க. என்ஜின் மேல ஒரு பொடிக்கல்லு படக்கூடாது. ஹெட்லைட்டுக்குக் கம்பி வலை. கைப்பிடிக்கு ரெண்டு பக்கமும் மூடி. பின்னாடி ரெண்டு பக்கமும் கார்டு.

— இத்தன நகை போட்டா, மணவறையில வண்டி போயி உக்காந்துக்குமுங் மாப்ள. அப்பறம் அம்முணி எங்க உக்கார்றது?

— சிரிக்காதீங்ணா. நான் ஒருக்கா மாட்டிக்கிட்டேன், அதனால சொல்றேன்.

— எங்கீங்க விழுந்தீங்க?

— அட, டீச்சர் வாயத் தொறந்துட்டாங்க. போன வருசம். நானும் சசிகுமாரும். நிச்சயத்தன்னைக்குத் தடிய ஊனிட்டு வந்து ரெண்டு தடவ பாயசம் வாங்கிக் குடிச்சானே, அந்தச் சசி. மலையில இருந்து எறங்கறோம். அவன் வண்டி, நான் ஓட்டறேன். அவன் பின்னாடி ஒரு பலாப்பழத்தக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கான். வளைவுல பாத்தா பிரேக்கு புடிக்கல.

— அப்பறமுங்க?

— புடிக்கலைன்னு தெரிஞ்சதும் நான் ஒரே குதி. புல்லு மேல. சட்ட கூட அழுக்காகல. திரும்பிப் பாக்கறேன், வண்டி, சசி, பலாப்பழம் மூணும் வரிசையாப் போகுது. பாறையில சசி முட்டி நின்னான், சசி மேல வண்டி முட்டி நின்னுச்சு. வண்டிக்கு ஒரு கீறல் இல்லீங்ணா. சத்தியமா.

— அப்ப உங்களுக்குக் கார்டே வேண்டாமுங். முன்னாடி ஒரு சசியக் கட்டிக்குங்க.

— நாங்களும் அதச் சொல்லித்தான் சிரிப்போம். அவங் கால்ல இப்பத் தகடு வெச்சு ஆணி அடிச்சிருக்காங்க. அதுவும் அடித்தகடுதானுங்ணா.

— பலாப்பழம் என்னாச்சுங்?

— ஜீப்பு வர்ற வரைக்கும் சும்மா எதுக்கு நிக்கறதுன்னு பொளந்து தின்னுட்டோம். சசிக்கும் ரெண்டு சொள ஊட்டி விட்டேன். நல்ல பழம்.

— குதிக்கறதுக்கு முன்னாடி அவருகிட்டச் சொன்னீங்களா?

— என்னத்த?

— குதிக்கப்போறேன்னு.

— அதுக்கெல்லாம் எங்க நேரம் டீச்சர்? ஒடம்பு தானாக் குதிச்சுரும்.

(உடம்பு குதிக்கும். அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தாமரைச்செல்வியின் உடம்பும் அந்த நேரத்தில் என்ன செய்யும் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் இந்தக் கதையை அவர் எத்தனையோ இடத்தில் சொல்லியிருப்பார். சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிவிட்டது. அதில் சசி கத்துகிற இடமே இல்லை. கத்தாமலா இருந்திருப்பான்?)

— மாப்ள, இங்க ஒரு சிக்கலுங். பின்னாடி ரெண்டு பக்கமும் கார்டுன்னீங்க. இடது பக்கம், சேலை சக்கரத்துல சிக்காம இருக்க, சேலை கார்டு இருக்குது. ரெண்டும் ஒரே போல்ட்டுல வருதுங். எதாச்சும் ஒண்ணுதான் நிக்கும்.

— அந்தச் சேலை கார்டக் கழட்டி வீசுங்க. நானே சொல்லோணும்னு இருந்தேன். பால்காரன் வண்டியாட்ட இருக்குது.

— கழட்டுனா அம்முணி கால் வெக்கிற படியும் அதோட போயிருமுங்.

— சுடிதாரப் போட்டுட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்துக்கட்டும்.

— பள்ளிக்கூடத்துக்குச் சேலைதானுங்க கட்டோணும்.

— அப்பக் காலத் தொங்கப் போட்டுக்க. என்னையக் கெட்டியாப் புடிச்சுக்க டீச்சர். அதுக்குத்தான கல்யாணம்.

— நீங்க குதிச்சுட்டீங்கன்னா?

— கேள்வியப் பாருங்ணா. எப்பப் பாத்தாலும் பரீட்சை வெக்கறாங்க. நான் குதிச்சா நீயும் பின்னாடியே குதி. ஒருபக்கமா உக்காந்திருக்கறவங்களுக்கு எறங்கறது சுளுவுதான.

— எந்தப் பக்கமுங்க குதிப்பீங்க?

— எனக்கு வலது பக்கந்தான் வரும். பழக்கம்.

— அம்முணி உக்கார்றது இடது பக்கமுங் மாப்ள.

— அட, ஒரு பேச்சுக்குச் சொன்னா ரெண்டு பேருஞ் சேந்துட்டு வழக்குப் போடறீங்களே.

— வழக்கு இல்லீங். எனக்குப் போல்ட்டு ஒண்ணுதான் இருக்குது, அதான் கேக்கறேன். அந்தப் பக்கம் பின் கார்ட உட்டுட்டுச் சேலை கார்டயே வெச்சுக்கலாமுங். எது வேணும், சொல்லிப்போடுங்க.

— பின் கார்டுதான். விழுந்தா இண்டிகேட்டரு, லைட்டு எல்லாம் நொறுங்கிப் போயிரும், அதுக்குச் சாமான் சேலத்துல கூடக் கெடைக்காது. டீச்சருக்கு என்ன, பழகுனாச் சரியாப் போயிரும். இல்லயா டீச்சர்?

(இது 'நல்லாருக்குங்க' என்று சொல்ல வேண்டிய இடம். தாமரைச்செல்வி அந்தச் சொல்லை வாய்க்குள் தேடுகிறாள். சற்று முன்புவரை அங்கேதான் இருந்தது.)

— ஒரு நிமிசமுங், போன் அடிக்குது. அலோ... ஆமாங், செல்லமுத்து பட்டறதானுங்... கார்டுங்களா? மாப்ள, கார்டு அடிச்சிரலாமான்னு கேக்கறாங்க. பைப்புக் கடைக்காரராட்ட இருக்குது, நேத்தே சொல்லி வெச்சிருந்தேன்.

— அடிச்சிரச் சொல்லுங்க.

— அடிச்சிருங்க... மஞ்சளா? வேண்டாமுங், அழுக்குத் தெரியும். முழுக்கக் கருப்புல அடிச்சிருங்க... ஏனுங் கருப்பு ஆகாது?... மேல புள்ளையாரா? மாப்ள, தகட்டுக்கு மேல புள்ளையார் போடறதான்னு கேக்கறாரு.

— தகட்டுல எதுக்குங்ணா புள்ளையாரு?

— தகட்டுல எதுக்குங் புள்ளையாரு? கல்லடி பட்டு அவருக்கு மூக்குப் போயிருமுங்... அலோ... ஏனுங், வையாதீங்... யாருங்க நீங்க?... அய்யய்யோ. மாப்ள, உங்க மாமனாருங். செங்கோட்டையக் கவுண்டருங். பிரஸ்ல இருந்து பேசறாரு. கல்யாணக் கார்டுங்.

— போச்சு போ. மாமாகிட்ட நான் ஒண்ணுஞ் சொல்லலைன்னு சொல்லுங்ணா.

— நான் பாட்டுக்குக் கல்யாணத்தக் கருப்புல அடிக்கச் சொல்லிப்போட்டனே சாமி... சரிங், தெரியாமப் போச்சுங்... குடுக்கறனுங். அம்முணி, உங்க போனுக்கு அடிச்சுப் பாத்தாராம், உங்களத்தான் கூப்படறாரு. அச்சுக் கோத்தாச்சாம். பேரு, படிப்பு, தேதி எல்லாம் வாசிப்பாராம். நீங்க சரின்னு சொன்னா மிசின்ல ஏத்திருவாங்களாம்.

— போயிப் பேசிட்டு வா டீச்சர். பேருல தப்பு வந்துரப்போகுது. அண்ணா, அதுக்குள்ள நீங்க அந்தச் சேலை கார்டக் கழட்டுங்க.

— அப்பா, நாந்தானுங்க... பரவால்லீங்க, அவரு வேற என்னமோன்னு நெனச்சுட்டாருங்க... கேக்குதுங்க, வாசிங்க... ம்... தாமரைச்செல்வி, ஆமாங்க, பி.எட். போட்டிருக்குதுங்களா... சுரேந்தர், சரிதானுங்க... அம்மா பேருக்குக் கடைசியில ள் வரோணுமுங்க... வந்திருக்குதுங்களா, சரிங்க... தேதி சரிதானுங்க, மண்டபமும் சரிதானுங்க... இல்லீங்கப்பா, எதுலயும் தப்பு இல்லீங்க. அடிக்க வேண்டாமுங்க.