ஐந்தாவது ஜோடி

ராத்திரி பதினொன்றே கால். திரிங்காப் ஊரைத் தாண்டித் தேயிலை மலைக்குள் ஏறும் ஒற்றைச் சாலை. விளக்கு கிடையாது. மழை விட்டும் விடாமலும்...

நெருங்கி உட்காருங்கள். இது காய்கறி லாரி ஓட்டும் நம் நாகப்பனின் மச்சான் லோகேஸ்வரனுக்கு நடந்தது. மாவட்ட மன்றத்தில் அமலாக்க வேலை. ஒப்பந்தம் அடுத்த வாரம் முடிகிறது. வீட்டில் மனைவி யுவனேஸ்வரிக்கு ஏழாம் மாதம்.

ஹோம்ஸ்டேகளைச் சோதிப்பது அவன் வேலை. ஒரு வீட்டில் நான்கு பேர் தங்கலாம். ஐந்தானால் எல்லாரையும் வெளியேற்றிச் சீல். பகலில் போனால் ஊர் சுற்றப் போயிருப்பார்கள். ராத்திரிதான் ஆள் சிக்கும். அதிலும் லோகேஸ்வரனுக்கு ஒரு குறுக்குவழி. கதவைத் தட்டுமுன் வாசலில் செருப்பை எண்ணுவான். ஆள் கட்டிலுக்கடியில் ஒளியலாம். செருப்பு ஒளியாது.

பழைய தோட்டத் தொழிலாளர் லைனில் கடைசி வீடு. புது பெயிண்ட். படியில் நான்கு ஜோடி சப்பாத்து. ஓரமாக, நீல வார் வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி.

சோதனைப் பாரத்தில் ஆள் எண்ணிக்கையை மையால் எழுதினான்: 5. பிறகுதான் தட்டினான்.

ஈப்போ பையன்கள் நான்கு பேர் கொட்டாவி விட்டபடி வந்தார்கள். அவ்வளவுதான்.

"இன்னொருத்தர் எங்க?"

வீட்டை வாடகைக்கு விடும் திலகா பக்கத்து வீட்டிலிருந்து குடையோடு ஓடி வந்தாள். "நாலு பேருதான் தம்பி. அந்த நீலச் செருப்பு இவங்களோடது இல்ல. அத நாங்க யாரும் தொடறதில்ல."

"எல்லா வீட்டுலயும் இதத்தான் சொல்றாங்க அக்கா. போன வாரம் ஒருத்தன் துணி அலமாரிக்குள்ள நின்னான் லா."

பையன்கள் சிரித்தார்கள். திலகா சிரிக்கவில்லை.

லோகேஸ்வரன் பாரத்தைப் பார்த்தான். அடித்துத் திருத்திய பாரம் செல்லாது. அவன் எழுதியதில் ஏற்கெனவே இரண்டு திரும்பி வந்தாயிற்று. மூன்றாவதும் வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஐந்தாவது ஆள் கிடைத்தே ஆக வேண்டும்.

டார்ச்சோடு உள்ளே போனான். முன்னறை... காலி. நடு அறை... காலி. சமையல் குசினியை ஒட்டிய சின்ன அறையில் ஓர் இரும்புக் கட்டில். தைல வாடை, பச்சைத் தேயிலை வாடை. தலையணையில் மட்டும் ஒரு குழி.

ஒளிந்திருப்பவருக்குக் கேட்கட்டும் என்று இருட்டைப் பார்த்துச் சொன்னான்: "பயப்படாதீங்க. வெளிய வந்துடுங்க. தங்க வேற இடம் நானே தர்றேன்."

கர்ர்... க்ரிக்.

கட்டில். யாரோ எழுந்த மாதிரி. டார்ச்சைத் திருப்பினான். யாரும் இல்லை.

வாசலுக்கு வந்தான். நீலச் செருப்பைக் காணோம். நனைந்த படியில் அது இருந்த இடம் மட்டும், இரண்டு பாத அளவுக்கு, காய்ந்து கிடந்தது.

ஓடிவிட்டார் போல. நல்லதாகப் போயிற்று. எழுதினான்: வெளியேறியவர்கள் 5. சீல் வைத்தான். பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே காரை எடுத்தார்கள்.

"உள்ள என்ன சொன்னீங்க தம்பி?" என்றாள் திலகா.

சொன்னான்.

அவள் குடையை மடக்கினாள். "இராசம்மா இருந்த வீடு இது. தோட்டத்துல காலி பண்ணச் சொன்னாங்க. வேற இடம் தந்தாத்தான் போவேன்னாங்க... யாரும் தரல. அந்தக் கட்டில்லயே உசுரு போச்சு." சீலைப் பார்த்தாள். "வீடு போனா பரவால்ல தம்பி. நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

கம்போங் ராஜாவில் அவன் வாடகை வீடு. போகும் வழியெல்லாம் காரில் தைல வாடை. கண்ணாடியை இறக்கினான்... போகவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வீட்டு வாசலில் டார்ச் அடித்தான். யுவனேஸ்வரியின் செருப்பு. பக்கத்தில் நீல வார். அடியில் செம்மண், ஒரு தேயிலைக் கொழுந்து.

கதவைத் திறந்த யுவனேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, யாருங்க அந்தம்மா? நீங்கதான் இடம் தர்றேன்னீங்களாம். நனைஞ்சு நின்னாங்க, பாவமா இருந்துச்சு. பிள்ளைக்குன்னு ஒழிச்சு வெச்ச ரூம்ல படுத்துட்டாங்க."

அவன் பதில் சொல்லுமுன், உள்ளே...

கர்ர்... க்ரிக்.

அந்த அறைக்கு அவர்கள் இன்னும் கட்டிலே வாங்கவில்லை.